பையை வாங்கும் முன் அம்மாச்சியைக் கேளுங்கள்

எட்டாம் மாதம் பிறந்துவிட்டால் பிள்ளை தோளில் சாய மறுக்கிறது. மூன்று மாதத்தில் தூக்கியதும் கண்ணயர்ந்த அதே பிள்ளைதான். இப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, முதுகை வளைத்து, நமக்குப் பின்னால் போகும் பஸ்ஸைத் தேடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வேடிக்கைக்குப் பஞ்சமா? தேங்காய் லாரி, பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சை, சந்தைக்குப் போகும் வாழைத்தார், எந்தத் தெருமுனையில் நின்றாலும் மேற்கே தெரியும் மலை. பார்ப்பதோடு விடுவதும் இல்லை. தாலிக்கொடி, மூக்குக் கண்ணாடி, பக்கத்து சீட்டுக்காரரின் மீசை என எது எட்டுகிறதோ அது அதன் சொத்து.

எடையும் ஏறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் ஒன்பது மாத ஆண் பிள்ளையின் இடைநிலை எடை 8.9 கிலோ, பெண் பிள்ளைக்கு 8.2 கிலோ. துள்ளிக்கொண்டே இருக்கும் இந்த எடையை ஒரே பக்கம் தாங்கினால் குறுக்கு பிடித்துக்கொள்ளும். அதனால் பெற்றோர் பை தேடுகிறார்கள். தேனியில் கடைக்காரரிடம் கேட்டால் ‘கங்காரு பை’ என்று எடுத்துப் போடுவார். ஆன்லைனில் ‘பேபி கேரியர்’ என்று தட்டினால் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை வரிசை கட்டும். பெரும்பாலான அட்டைப்பெட்டிகளில் படம் மட்டும் ஏறக்குறைய ஒன்றேதான்: ஜீன்ஸ் போட்ட இளம் தாய், அவள் நெஞ்சில் வெளிப்பக்கம் பார்த்துச் சிரிக்கும் குழந்தை.

தேனி மாவட்டத்துக்கு அந்தப் படம் இரண்டு விதத்தில் பொருந்தாது. இங்கே பகலெல்லாம் பிள்ளையைத் தூக்குகிறவர் பல வீடுகளில் தாய் இல்லை. வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்குச் சரியான இடம் நெஞ்சும் இல்லை.

ஜீப் போன பிறகு

விடிகிற நேரத்தில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி பக்கத்து ஊர்களில் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் மலையிறங்கி வருவது இவர்களின் அன்றாடம். தூக்குவாளி கூடப் போகிறது, பிள்ளை போவதில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குள் ஏலத் தோட்டங்களும் வந்தன. 50 பெண்கள் வேலை செய்தாலோ, பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அது. தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர்களுக்குக் காப்பகம் உதவும். கொண்டைஊசி வளைவுகளில் நெருக்கியடித்து ஏறி இறங்கும் பெண்ணுக்குக் கைக்குழந்தையை அந்த ஜீப்பில் கொண்டுபோவதே நடக்காத காரியம். கொண்டுபோகவும் கூடாது. ஏலத்துக்கு மருந்தடிப்பு அதிகம். இந்த வயதில் பிள்ளை தொட்டதையெல்லாம் வாயில் வைக்கும்.

ஆக, பிள்ளை அம்மாச்சியிடம் இருக்கிறது. இல்லையென்றால் அப்பத்தாவிடம். பள்ளிக்கூடத்துக்கோ மில்லுக்கோ வங்கிக்கோ போகும் தேனி நகரத்துத் தாய்மார் வீட்டிலும் பாதிக் கதை இதுதான். ஐம்பதைத் தாண்டிய, முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிற, சேலை கட்டிய ஒரு பெண்மணியின் உடம்பை நினைத்து எந்த கம்பெனியும் பை தைப்பதாகத் தெரியவில்லை. வாங்குகிறவர்தான் நினைக்க வேண்டும்.

முதலில் இடுப்பு பெல்ட். நல்ல பையின் உயிரே அதில்தான் இருக்கிறது. பிள்ளையின் எடையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பெலும்பில் இறக்குவது பெல்ட்டின் வேலை. ஆனால் சேலை கட்டியவருக்குக் கொசுவம் செருகிய இடமும் பெல்ட் உட்கார வேண்டிய இடமும் ஒன்றுதான். வழுக்குகிற சிந்தெடிக் சேலை மேல் பெல்ட் நழுவும், கூடவே கொசுவமும் கீழே வரும். ரவிக்கைக்குக் கீழே வெறும் இடுப்பில் நைலான் பட்டை உராய்ந்தால் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். அகலமான, உள்பக்கம் பருத்தித் துணி வைத்த பெல்ட்டாக இருக்க வேண்டும். அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாலு தடவை குனிந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். நைட்டி மேல் கட்டிப் பார்த்து வாங்கிவிட்டு, சேலையோடு கோயிலுக்குக் கிளம்பும்போது முழிப்பவர்கள் உண்டு.

அடுத்தது கொக்கி. பல பைகளில் இரண்டு தோள்பட்டையையும் இணைக்கும் ஒரு கொக்கி பின்கழுத்துக்குக் கீழே வருகிறது. இளையவர்கள் கையை வளைத்துப் போட்டுக்கொள்வார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது சாதாரணம். அவர்கள் கை அங்கே எட்டாது. பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முதுகில் கொக்கி தேடுவதை நினைத்துப் பாருங்கள். பட்டைகள் முதுகில் குறுக்காக மாறி, கொக்கிகள் விலாப் பக்கம் வருகிற மாதிரியைத்தான் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்க வேண்டும். விலையைவிட, பிராண்டைவிட, நான் முதலில் பார்ப்பது இந்தக் கொக்கியைத்தான்.

இடுப்பில் உட்கார்ந்து பார்க்கிற உலகம்

படத்திலிருக்கும் அந்த நெஞ்சுக் குழந்தைக்கு வருவோம். வெளிப்பக்கம் பார்த்துத் தூக்குவது தப்பு என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். தலை நின்று, கழுத்து உறுதிப்பட்ட பிள்ளைக்கு, விழித்திருக்கும்போது, கொஞ்ச நேரம் பரவாயில்லை. ஆனால் அந்த நிலையில் பிள்ளையின் எடை தூக்குகிறவரை விட்டு விலகி முன்னால் இழுக்கிறது, பெரியவர்களின் முதுகு அதை உடனே சொல்லிவிடும். மலிவான பைகளில் இருக்கை ஒடுங்கி, இரண்டு காலும் கீழே தொங்க, முழு எடையும் கவட்டியில் விழுகிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தீச்சட்டியும் மேளமும் ராட்டினமும் எதிரே வரும்போது, பயந்த பிள்ளைக்கு முகத்தைப் புதைத்துக்கொள்ளவும் இடமில்லை.

இந்த வயதுப் பிள்ளை புதிதாக ஒன்றைக் கண்டால் அடுத்த கணம் தூக்கியவர் முகத்தைப் பார்க்கும். சோர்ஸ், எம்ட், கேம்போஸ், கிளின்னெர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் இதைப் பரிசோதித்து எழுதினார்கள். ஓராண்டு நிரம்பிய குழந்தைகளைக் கண்ணாடி பாவிய மேடையில் விட்டார்கள். நடுவில் பள்ளம் இருப்பதுபோல் தெரியும், மேலே கண்ணாடி இருப்பதால் விழ வழியில்லை. எதிரே அம்மா. அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 பேரில் 14 பேர் கடந்து போனார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. வெளிப்பக்கம் பார்த்துக் கட்டிய பிள்ளைக்கு இப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள முகம் கிடையாது. இடுப்பில் உட்கார்ந்த பிள்ளைக்கு லாரியும் தெரியும், தலையைத் திருப்பினால் அம்மாச்சி முகமும் தெரியும். “அந்தா பாரு கொக்கு” என்றதும் விரல் போகும் திசை புரியும். ஆய்வு இடுப்பைப் பற்றிப் பேசவில்லை. இடுப்பு என்ற முடிவு என்னுடையது.

எலும்பு மருத்துவமும் இடுப்புப் பக்கம்தான் நிற்கிறது. பிள்ளையின் தொடைகள் விரிந்து, தொடை முழுக்கத் தாங்கப்பட்டு, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும் என்பது இடுப்பு மூட்டு விலகல் பற்றி வேலை செய்யும் சர்வதேச நிறுவனத்தின் பரிந்துரை. இடுப்பில் உட்காரும் பிள்ளை தானாகவே இப்படித்தான் உட்காரும். ஜப்பானில் குழந்தையின் காலை நேராக நீட்டித் துணி சுற்றும் வழக்கம் இருந்தது. 1975இல் அதற்கு எதிராக நாடு தழுவிய பிரசாரம் தொடங்கிய பின், நூற்றுக்கு ஒருவருக்கு மேல் இருந்த இடுப்பு மூட்டு விலகல் ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கியது. குழந்தை பிறந்த முதல் மாதங்களின் கதை அது. எட்டு மாதத்தில் மூட்டு ஓரளவு உறுதிப்பட்டிருக்கும். இருந்தாலும் கவட்டியில் தொங்குவதைவிடத் தொடையில் உட்காருவது பிள்ளைக்கு எப்போதும் சுகம்.

“இடுப்பிலேயே வச்சிருந்தா கால் வளைஞ்சிரும்” என்று சில பெரியவர்கள் பயப்படுவார்கள். வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் கால் வளைந்துதான் இருக்கும், இரண்டு வயதுக்குள் தானாக நிமிரும். அதற்குப் பிறகும் வளைவு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோதான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இடுப்பில் உள்ள ஒரே குறை, அது ஒரு கையைக் கேட்கிறது. முன்பு அது குறையாகத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஏழெட்டுக் கைகள் இருந்தன. சித்தி கை மாற்றி, அத்தை கை மாற்றி, பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை கொஞ்ச நேரம் ஒக்கலில் வைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தாள். இப்போது வீட்டில் அம்மாச்சி ஒருத்திதான். ரேஷன் கடைக்கும் அவள்தான், அடுப்புக்கும் அவள்தான்.

சேலையைக் கட்டத் தயங்குவது ஏன்?

ஒரு கையை மிச்சப்படுத்தும் வழி நம் ஊருக்குப் புதிதில்லை. தோளில் குறுக்கே துணி கட்டி, அதில் பிள்ளையை இடுப்போடு சேர்த்து உட்காரவைத்து, இரண்டு கையிலும் ஊசிமணி பாசிமணி விற்றுப்போகும் நரிக்குறவர் பெண்களை எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு, அது ‘அவர்கள்’ செய்வது என்று ஒதுக்கிவிட்டோம். தொட்டில் கட்டச் சேலை உண்டு, கோயிலில் நேர்த்திக்கடனுக்குக் கரும்பில் கட்டித் தூக்கிச் சுற்றவும் சேலை உண்டு. தோளில் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால் மட்டும் மானம் போய்விடும். எனக்கு இது வெறும் சாதித் தயக்கமாகத்தான் படுகிறது.

வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தத் தயக்கம் வரவில்லை. ஜெர்மனியில் எரிகா ஹாஃப்மன் என்ற தாய் தன் இரட்டைக் குழந்தைகளைத் தூக்க மெக்ஸிகோ பெண்களின் துணியைப் பயன்படுத்தி, 1972இல் டிடிமோஸ் என்ற நிறுவனத்தையே தொடங்கினார். அமெரிக்காவின் ஆன் மூர் 1960களில் ஆப்பிரிக்காவின் டோகோவில் செவிலியராக வேலை செய்தபோது அங்கே பெண்கள் முதுகில் துணி கட்டிப் பிள்ளை தூக்குவதைப் பார்த்து, ஊர் திரும்பி ‘ஸ்னக்லி’ பையை உருவாக்கினார். இன்று ஆன்லைனில் விற்கும் பைகளில் பலவற்றின் பூர்வீகம் ஏதோ ஓர் ஏழை நாட்டுப் பெண்ணின் முந்தானை. நடந்துபோவதில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அளந்த காரா வால்-ஷெஃப்லரின் 2007ஆம் ஆண்டு ஆய்வு, துணியில் கட்டித் தூக்குவதைவிடக் கையில் தூக்கி நடப்பதற்கு ஏறக்குறைய 16 சதவீதம் கூடுதல் சக்தி வேண்டும் என்றது. அம்மாச்சிகளின் குறுக்குவலிக்கு இந்தக் கணக்கு போதும்.

ஐரோப்பாவில் விற்கும் சுற்றுத்துணியின் வழக்கமான நீளம் 4.6 மீட்டர். நம் சேலை 5.5 மீட்டர். ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெய்கிற பருத்திச் சேலை, காற்றுப் போகும், வியர்வையை உறிஞ்சும், முடிச்சில் வழுக்காது. இந்த மூன்றும்தான் பள்ளத்தாக்கின் வெயிலுக்கு வேண்டும். சேலையில் இரண்டு மீட்டர் அளவு வெட்டி, ஒரு முனையில் இரண்டு வளையம் வைத்துத் தைத்தால் அதுதான் கடையில் ‘ரிங் ஸ்லிங்’ என்று விற்பது. தோளில் போட்டு, மறுமுனையை வளையத்துக்குள் விட்டு இழுத்தால் இறுகும். பிள்ளை இடுப்பில் உட்காரும், துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை பிட்டத்தைத் தாங்கும், மேல் ஓரம் அக்குள் உயரத்தில் நின்று கைகள் வெளியே இருக்கும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. கொக்கி கிடையாது, கொசுவத்தில் கை வைக்காது.

எச்சரிக்கைகள் உண்டு. வளையம் இதற்கென்றே செய்த, ஒட்டு இல்லாத அலுமினிய வளையமாக இருக்க வேண்டும். திரைச்சீலை வளையமும் கைப்பை வளையமும் உயிரோடு விளையாடுவது. தொட்டிலில் நைந்த பழைய சேலை கூடாது, வெளிச்சத்தில் பிடித்தால் இழை விட்டுத் தெரிகிற துணி நடுத்தெருவில் கிழியும். எடை முழுக்க ஒரு தோளில் விழுவதால் அரைமணிக்கொரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். பிள்ளை தூங்கிவிட்டால் தாடை நெஞ்சில் முட்டாமல், மூக்கும் வாயும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சிசுக்களைச் சுருட்டிப் படுக்கவைக்கும் பை போன்ற ஒரு மாதிரியால் மூன்று சிசுக்கள் இறந்து, 2010இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 லட்சம் பைகள் திரும்பப் பெறப்பட்டன. நாம் பேசுவது நிமிர்ந்து உட்காரும் பிள்ளையைப் பற்றி. ஆனாலும் தூங்குகிற பிள்ளை எந்த வயதிலும் சிசுதான்.

இப்போது கடைகளில் வரும் ‘ஹிப் சீட்’ பற்றியும் கேட்கிறார்கள். இடுப்பு பெல்ட்டில் ஒரு சிறு பலகை நீட்டிக்கொண்டிருக்கும், பிள்ளை அதன்மேல் உட்காரும். ஏற்று, இறக்கு, ஏற்று என்று படுத்துகிற பத்து மாதப் பிள்ளைக்கு வசதி. தோள் பட்டை இல்லாத மாதிரியில் ஒரு கை எப்போதும் பிள்ளையைப் பிடித்தே இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. பருத்த வயிறு உள்ளவர்களுக்குப் பலகை சாய்ந்துவிடும்.

தோட்ட வேலை, கொல்லை வேலை என்று இரண்டு கையும் முழுக்க வேண்டியவர்களுக்கு முதுகுதான் சரி. நம் ஊரில் அது உப்புமூட்டை. பிள்ளை தானாக நிமிர்ந்து உட்காரப் பழகியிருக்க வேண்டும். முதல் சில நாள் பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். முதுகில் ஏற்றுவதுதான் கடினம் என்பார்கள். பழைய வீடுகளில் அதற்கு விடை வாசலிலேயே இருக்கிறது. திண்ணையில் பிள்ளையை உட்காரவைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, முதுகைக் காட்டித் திரும்பிக் குந்தினால் போதும். குனிந்து தூக்கும் பாடே இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் இறக்கவும் அதே திண்ணைக்கு வரலாம். முதுகுப் பிள்ளை எதைப் பிடுங்குகிறது என்பது மட்டும் தெரியாது. திராட்சைப் பந்தலுக்குள் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பன்னீர் திராட்சை, பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கச் சரியான அளவு. ஐந்து வயதுவரை நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். மருந்தடித்த கொடிப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுப்படிக்குள் எந்தப் பையோடும் வேண்டாம். கொதிக்கிற குழம்புக்கும் துருதுரு கைக்கும் நடுவே துணி காப்பாற்றாது.

அப்பா தூக்கினால்

கொக்கியும் பட்டையும் வைத்த பைக்கு ஒரு புண்ணியம் உண்டு. முந்தானை கட்டக் கூச்சப்படும் ஆண்கள் அதை பேக் மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்கிறார்கள். சுருளி அருவிக்கோ மேகமலைக்கோ போகும் குடும்பங்களில் பிள்ளை அப்பாவிடம் இருப்பதை இப்போது பார்க்க முடிகிறது. ஆகவே பட்டை நீளம் கூட்டிக் குறைக்கிற மாதிரியாக ஒன்று வாங்கினால் வீட்டில் இருவர் பயன்படுத்தலாம். ஆடிக் காற்றில் பிள்ளையின் காதை மூடத் தனித்துணி போதும். வெயிலில் தடித்த பஞ்சு வைத்த பை வேகும். பிள்ளையின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் வியர்வை சொல்லிவிடும்.

ஆனால் அதே அப்பா, பையில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு பைக்கை எடுக்கிறார். இது ஆபத்து. வண்டி சரிந்தால் பிள்ளை மேல் விழுவது அப்பாவின் எடை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்டு 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த விதி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் அதற்கெனச் செய்த பாதுகாப்புப் பட்டை வேண்டும், 9 மாதத்திலிருந்து 4 வயதுவரை ஹெல்மெட் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. கங்காரு பை அந்தப் பட்டை ஆகாது. காரிலும் அது சீட் ஆகாது.

வாங்குவதென்று முடிவானால், தூக்கப்போகிறவரையும் பிள்ளையையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடக்கச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள். மாட்டவும் கழற்றவும் பெரியவருக்கு உதவி தேவைப்பட்டால் அந்தப் பை வேண்டாம். எத்தனை கிலோ வரை தாங்கும் என்ற சீட்டைப் பாருங்கள். வெளிநாட்டுத் தயாரிப்பென்றால் ஐரோப்பிய ஈஎன் 13209-2 அல்லது அமெரிக்க ஏஎஸ்டிஎம் எஃப்2236 தர எண் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டுக்குள்ளேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

அதிகம் செலவழிக்கவும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனக் கணக்கில் பிள்ளை தனியாக நடப்பது சராசரியாக 12 மாதத்தில். நடை பழகியதும் “இறக்கு, இறக்கு” என்று உதைக்கத் தொடங்கும். பிறகு பை தேவைப்படுவது பயணத்துக்கும் தூக்கம் வரும் நேரத்துக்கும்தான். அக்கா பிள்ளைக்கு வாங்கியது வீட்டில் இருந்தால் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது தோள்பட்டை பெல்ட்டோடு சேரும் இடத்துத் தையலை விரித்து விரித்துப் பாருங்கள், கொக்கியைப் போட்டு இரண்டு பக்கமும் பலமாக இழுத்துப் பாருங்கள். தையல் ஓர் இழை விட்டிருந்தாலும் கம்பத்துத் தையல்காரரிடம் கொடுத்துச் சரிசெய்து, அரிசிப் பையை வைத்து ஒரு நாள் தூக்கிப் பார்த்த பிறகே பிள்ளையை வையுங்கள்.